சம்பளத்தைப் பற்றிக் கதைத்தால் வேலை போகுமா?

கேள்வி: கிளிநொச்சியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நாலு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். அடிப்படைச் சம்பளம் 30,000, வாழ்க்கைச் செலவுப்படி 8,000. போன வருஷம் வந்த தம்பிக்கு அதே வேலைக்கு 45,000. சம்பளத்தை மற்றவர்களிடம் சொல்லக்கூடாது என்று நியமனக் கடிதத்தில் இருக்கிறது. அப்படித் தடுப்பது சட்டவிரோதம் என்று பேஸ்புக்கில் பார்த்தேன். சரியா?

பதில்: நீங்கள் பார்த்தது அமெரிக்கக் கதையாக இருக்கும். அங்கே 1935 ஆம் ஆண்டின் ஒரு சட்டம் தனியார் துறை ஊழியர்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. இலங்கையில் அப்படியொரு சட்டம் இல்லை. சம்பளம் கதைப்பது குற்றமும் இல்லை. ஆனால் அந்த நிபந்தனையில் கையெழுத்து வைத்திருக்கிறீர்கள். அதனால் முதலாளியிடம் "தம்பி சொன்னான்" என்று தொடங்காதீர்கள், அவனும் மாட்டுவான்.

சம வேலைக்குச் சம சம்பளம்? ஆணுக்கும் பெண்ணுக்கும் அப்படிக் கொடுக்க வேண்டும் என்ற சர்வதேச சமவாயத்தை இலங்கை 1993 இலேயே ஏற்றுக்கொண்டது. தனியார் கடையைக் கட்டுப்படுத்தும் தனிச்சட்டம்தான் இன்னும் வரவில்லை. அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை அரசின் செயல்களுக்குத்தான், கடை முதலாளிக்கு அல்ல. வன்னியில் களை பிடுங்கும் பெண்ணுக்குக் கூலி குறைவு என்பது ஊருக்கே தெரியும். தெரிந்து என்ன, வித்தியாசம் அப்படியேதான் இருக்கிறது. தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து 30,000. அதிலும் உங்களுக்குப் பிடி இல்லை.

பிடி இருப்பது சம்பளச் சிட்டையில். நீங்கள் அனுப்பிய பிரதியில் ஊழியர் சேமலாப நிதிக்கு 2,400 வெட்டியிருக்கிறார்கள். அது 30,000 க்கு 8 வீதம். வாழ்க்கைச் செலவுப்படியையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். அப்படியென்றால் உங்கள் பங்கு 3,040, முதலாளியின் 12 வீதம் 4,560. முதலாளியும் 30,000 க்கே கட்டுகிறார் என்றால், இரண்டிலுமாக மாதம் 1,600 ரூபாய் உங்கள் கணக்குக்குப் போகாமல் நிற்கிறது. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியின் 3 வீதத்தையும் இப்படியே பாருங்கள். நாலு வருஷச் சிட்டைகளையும் தேடி எடுத்து, போட்டோ பிடித்து, கடைக்கு வெளியே வையுங்கள். இந்த முறைப்பாட்டைத் தொழில் திணைக்கள அலுவலகம் தட்ட முடியாது. உங்கள் பெயரை வெளிவிடாமல் பரிசோதனைக்கு வரும்படியும் கேட்கலாம்.

சம்பள உயர்வை வேறாக, எழுத்தில் கேளுங்கள்: "நாலு வருட அனுபவத்தையும் நான் பார்க்கும் வேலைகளையும் கருதி எனது சம்பளத்தை மீளாய்வு செய்யவும்." வேலைகளைக் கீழே எழுதுங்கள். தம்பியின் பெயர் வேண்டாம். திகதி போட்ட பிரதி ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

கூட்டாகக் கேட்க விரும்பினால் தொழிற்சங்கம்தான் வழி. ஏழு பேர் இருந்தால் ஒன்றைப் பதியலாம், இல்லாவிட்டால் இருக்கும் சங்கத்தில் சேரலாம். சங்கத்தில் சேர்ந்ததற்காகவோ சங்க வேலை செய்ததற்காகவோ ஒருவரை நீக்குவதைக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் 1999 ஆம் ஆண்டுத் திருத்தம் தடுக்கிறது. தனியாளாகக் கதைப்பவருக்கு இந்தக் கவசம் இல்லை.

ஒருவேளை நிறுத்தினால், ராஜினாமாக் கடிதம் என்று எதை நீட்டினாலும் கையெழுத்து வைக்காதீர்கள். தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க ஆறு மாதம்தான் அவகாசம்.