பேத்திக்குத் துணி கட்டுவதா, டயபர் போடுவதா?

கேள்வி: எட்டு மாதப் பேத்திக்கு அடிவயிற்றிலும் பின்பக்கத்திலும் தோல் சிவந்து, கழுவும்போதெல்லாம் வீறிட்டு அழுகிறாள். நான் பழைய வேட்டித் துணி கட்டுகிறேன்; டயபர்தான் நல்லது என்கிறாள் மகள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு. பவுடர் போடலாமா?
– ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: அம்மா, உங்கள் இருவரில் யார் பக்கமும் தீர்ப்புச் சொல்ல ஆராய்ச்சியாலும் முடியவில்லை. இது பற்றிய சோதனைகளை 2006இல் தொகுத்து ஆராய்ந்த, காக்ரேன் என்ற பன்னாட்டு மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கை, டயபரை ஏற்கவோ மறுக்கவோ போதிய சான்று இல்லை என்றே முடித்தது. நனைந்ததை எவ்வளவு சீக்கிரம் அவிழ்க்கிறோம் என்பதில்தான் காரியம் இருக்கிறது.

சிறுநீரிலிருந்து உண்டாகும் அம்மோனியாவே தோலைச் சுடுகிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1986இல் வெளிவந்த ஆய்வுகள் மலத்தின் பங்கைத் தெளிவாக்கின. மலத்திலுள்ள கிருமிகள் சிறுநீரின் யூரியாவை அம்மோனியாவாக மாற்றும்போது தோலின் இயல்பான அமிலத்தன்மை குறைகிறது. அந்த நிலையில், மலத்திலிருக்கும் செரிமான நொதிகள் வீரியம் பெற்று, ஈரத்தில் ஊறிய தோலையே அரிக்கத் தொடங்குகின்றன. ஆகையால் குழந்தை மலம் கழித்தால், நள்ளிரவானாலும் உடனே கழுவி மாற்றிவிடுங்கள்.

உங்கள் ஊர்த் தண்ணீரை நான் சாதாரணமாக எண்ணவில்லை. கொடியில் காய்ந்த வேட்டித் துணியைக் கையில் கசக்கிப் பாருங்கள். மொரமொரப்பாக இருந்தால், உப்பும் அலசப்படாத சோப்பும் இழைக்குள் தங்கியிருக்கின்றன என்று பொருள். அந்தத் துணி உரசுகிறது. சோப்பின் காரம் தோலின் அமிலத்தன்மையை மேலும் குறைக்கிறது. நல்ல தண்ணீர் குடத்துக்காக நீங்கள் படும் பாடு தெரிந்தே கேட்கிறேன்: கடைசி அலசலுக்கும் குழந்தையைக் கழுவுவதற்கும் மட்டும் அதில் கொஞ்சம் ஒதுக்குங்கள். வெளியூர்ப் பயணத்தில் வாசனையில்லாத ஈரத்துடைப்பான் போதும். மான்செஸ்டரில் 280 பச்சிளங்குழந்தைகளிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், அத்தகைய துடைப்பான் ஒன்று பஞ்சும் தண்ணீரும் போலவே பாதுகாப்பாக இருந்தது.

பவுடர் வேண்டாம். அதன் தூசி குழந்தையின் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கழுவிய இடத்தைத் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, சிறிது நேரம் காற்றாட விட்டபின், துத்தநாக ஆக்ஸைடு களிம்பைத் தோல் தெரியாத அளவுக்குக் கனமாகப் பூசுங்கள். அடுத்த முறை மேலே ஒட்டிய அழுக்கை மட்டும் வழித்தெடுத்தால் போதும். களிம்பு முழுவதையும் சுரண்டினால் ஆறிவரும் தோலும் உரிந்துவிடும்.

இரண்டு மூன்று நாளில் வாடாமல், சிவப்பு தொடை மடிப்புக்குள் இறங்கி, சுற்றிலும் சிறு சிறு புள்ளிகள் தோன்றினால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அப்போது கடையில் கேட்டு எதையும் வாங்கிப் போடாதீர்கள். பல கலவைக் களிம்புகளில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. கட்டிய துணிக்குள் மூடிக்கிடக்கும் மென்மையான தோல் அதை அதிகமாக உறிஞ்சி மெலிந்துவிடும். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இதுவரை பூசிய களிம்புக் குழாயையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.