ஐந்து வாரத்தில் ஊர் திரும்பும் எல்டர் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை நேற்று ராத்திரி படித்தேன். நம் பிற்காலப் பரிசுத்தவான்கள் (மார்மன்) சபையின் எல்டராக, அதாவது ஊழியக்காரராக, தென்னாப்பிரிக்காவில் செய்யும் இரண்டு வருட ஊழியம் முடிய இன்னும் ஐந்து வாரம், இப்போது இருப்பது டர்பனின் சாட்ஸ்வொர்த்தில். அங்கே ஒரு கடைக்காரர், "ஊருக்கு ஏன் போகிறாய், விசாவை இங்கேயே மாற்றிக்கொள்ளலாம், என் கடையில் வேலை பார்" என்கிறார். அதை நம்பலாமா, டர்பனில் மாதச் செலவு எவ்வளவு, ஊருக்கு என்ன வாங்கிப் போவது, இரவில் பாதுகாப்பு எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். பின்னால் இருக்கிற மூன்றையும் வேறு யாராவது சொல்வார்கள். இரண்டு வருடம் இந்தத் தெருக்களில் கதவு தட்டியவருக்குப் பாதுகாப்பு பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது? முதல் கேள்விக்கு மட்டும் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்கிறேன். 2005-ல் இதே சாட்ஸ்வொர்த்தில், வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பேட்ஜுமாக, இதே ஐந்து வாரத்தை எண்ணிக்கொண்டு நானும் இருந்தேன். (எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கம் சின்னவர்களையும் வாங்க, போங்க என்றுதான் பேசுவோம். அதனால் நீங்கள் என்றே எழுதுகிறேன்.)

முதலில் சட்டம். உங்கள் பாஸ்போர்ட்டில் இருக்கிற விசா ஊழியத்துக்காகக் கொடுத்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு நாள் சம்பளத்துக்குக்கூட கல்லாவில் உட்காரக் கூடாது. விசிட்டர் வகை விசாவில் வந்தவர் நாட்டுக்குள் இருந்தபடியே வேலை விசாவுக்கு மாறுவதை 2014-ல் வந்த விதிகள் நிறுத்திவிட்டன. இங்கே மனைவி, பிள்ளை என்று இருப்பவர்கள் போல வெகு சிலருக்குத்தான் விலக்கு. கடைக்காரர் சொல்வது அதற்கு முந்தைய காலத்துக் கதை. தேதி தாண்டி இருந்துவிட்டால் என்ன ஆகும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 30 நாளுக்குள் தாண்டியிருந்தால் 12 மாதம் திரும்பி வர முடியாது. 30 நாளுக்கு மேல் போனால் 5 வருடம். வெளியேறும்போது விமான நிலையத்திலேயே அந்தத் தடை போட்ட தாளைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் அப்பீல் பண்ணிக்கொள்ளலாம் என்று சொல்கிறவர் யாரும் உங்களுக்காக உட்கார்ந்து அப்பீல் எழுதமாட்டார்.

இன்னொன்று கேட்கிறேன். அந்தக் கடைக்காரர் இதையெல்லாம் உங்கள் கம்பானியன், எப்போதும் கூடவே இருக்க வேண்டிய ஊழியத் துணை, பக்கத்தில் நிற்கும்போது சொன்னாரா, அவன் கொஞ்சம் தள்ளி நின்றபோது சொன்னாரா? என்னிடம் பேசியவர் எப்போதும் என் துணை அந்தப் பக்கம் போன நேரம் பார்த்துத்தான் பேசுவார்.

அவரும் நம்ம நாட்டிலிருந்து வந்தவர்தான். ஏழெட்டு வருடம் முன்னால் வந்து கடை போட்டவர். என் கடைசி மூன்று திங்கட்கிழமையும் அவர் கடையில் போயிற்று. வாரத்தில் ஊழியத்துக்கு ஓய்வு விடும் பி-டே என்றால் துணி துவைப்பது, வீட்டுக்குக் கடிதம் எழுதுவது என்று இருக்க வேண்டிய நாள். நான் அவரிடம் உட்கார்ந்து சம்பளக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். "முதலில் போய்விட்டு வா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பி 2008 மார்ச்சில் 90 நாள் விசிட்டர் விசாவில் வந்து இறங்கினேன். கடை டர்பனில் இல்லை, உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊரில். முதல் நாளே "பத்திரமாக இருக்கட்டும்" என்று பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார். படுக்கை சரக்கு அறையில், மக்காச்சோள மாவு மூட்டைகளுக்கு நடுவில். காலை ஆறு மணியிலிருந்து ராத்திரி எட்டு வரை வேலை. ஞாயிறும் கடை உண்டு, அதனால் சபைக்குப் போகவே முடியவில்லை. சம்பளம் என்று கேட்டபோதெல்லாம் பெர்மிட் செலவில் கழிகிறது என்றார். எந்தப் பெர்மிட்டுக்கும் அவர் விண்ணப்பிக்கவே இல்லை.

மே மாதம் ஜோஹன்னஸ்பர்க்கின் அலெக்சாண்ட்ராவில் வெளிநாட்டுக்காரர்களை அடிக்க ஆரம்பித்தார்கள். நாடு முழுக்க 60 பேருக்கு மேல் செத்தார்கள். எங்கள் ஊரிலும் பயம் வந்து கடை ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தோம். அந்தக் கடையில் ஒரு சுலு அம்மா வேலை பார்த்தார். ஊழியத்தில் சுலு கற்றிருந்ததால்தான் அவரோடு என்னால் மனசு விட்டுப் பேச முடிந்தது. என் விசா முடிய ஒரு வாரம் இருக்கும்போது அந்த அம்மா நேராக முதலாளி முன்னால் போய் நின்று, பையனின் பாஸ்போர்ட்டைக் கொடு என்று கேட்டார். கொடுக்கும் வரைக்கும் நகரவில்லை. டர்பனுக்கு மினிபஸ் டாக்ஸிக் காசும் அவரே கொடுத்தார். "ஹம்பா கஹ்லே" என்றார். நல்லபடியாகப் போய் வா என்று அர்த்தம், உங்களுக்குத் தெரியும். 88-ஆவது நாள் விமானம் ஏறினேன். ஒரு வாரம் தாமதித்திருந்தால் இன்றைக்கு இந்த ஊரில் என் பிள்ளைகள் இருந்திருக்க மாட்டார்கள்.

அதனால் சொல்கிறேன், ஊருக்குப் போங்கள். டிக்கெட் போட்டுக் கொடுத்த அதே தேதியில் போங்கள். ஊரில் உங்கள் சபைத் தலைவர் முன்னால் உட்கார்ந்து விடுவிக்கப்படும் வரை நீங்கள் எல்டர்தான். பேட்ஜ் சட்டையில் இருக்கட்டும். அன்றைக்கு ராத்திரி தெருமுனைக் கடைக்குத் தனியாக நடந்து போவீர்கள் பாருங்கள், இரண்டு வருடத்தில் முதல் தடவையாகப் பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். நான் பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தேன். அம்மா போட்ட சாப்பாட்டில் காரமே இல்லை என்று தோன்றிற்று. தமிழில் ஜெபம் பண்ணும்போது வார்த்தை வரவில்லை. எல்லோரும் வெளிநாடு போகிறவனுக்குத்தான் புத்தி சொல்வார்கள், திரும்பி வருகிறவனுக்கு யாரும் சொல்வதில்லை. ஒரு மூன்று மாதம் அப்படித்தான் இருக்கும். அந்த மூன்று மாதத்தில் இந்த நாட்டுக் கடைக்காரர் யாராவது போன் பண்ணினால் உடனே ஆமாம் சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள்.

படிப்பை முடித்துவிட்டு முறையாக வாருங்கள். நான் அப்படித்தான் 2010-ல் கணக்கர் வேலைக்குப் பெர்மிட்டோடு வந்தேன். டர்பனின் பழைய விமான நிலையத்தை மூடி, லா மெர்சியில் கிங் ஷாகா திறந்த வருடம் அது. உங்கள் பட்டத்தை இங்கே சாக்வா என்கிற அமைப்பு மதிப்பிட்டுச் சான்று தர வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். போலீஸ் சான்று இந்தியாவிலிருந்து மட்டும் போதாது. 18 வயதுக்குப் பிறகு 12 மாதமோ அதற்கு மேலோ இருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் கேட்பார்கள், ஆகவே ஊழியம் செய்த இந்த நாட்டிலிருந்தும் வேண்டும். அந்தச் சான்றுக்கு ஆறு மாதம்தான் ஆயுள் என்பதால் இப்போதே வாங்கிப் பெட்டியில் வைத்துப் பயன் இல்லை. கைரேகை எப்படிக் கொடுப்பது, எங்கே அனுப்புவது என்பதை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இந்த ஐந்து வாரம்.

எல்டர்கள் டிரங்கி என்று ஒரு வார்த்தை சொல்வார்களே, பெட்டி கட்டியாயிற்று, மனசு ஊருக்குப் போயாயிற்று என்று. ஊரை நினைத்து ஏங்குவது மட்டும் அதில் சேர்த்தி இல்லை. திரும்பி வந்து இங்கே எப்படிச் சம்பாதிப்பது என்று கணக்குப் போடுவதும் அதுதான். உங்களுக்கு வந்திருப்பது இந்த இரண்டாவது வகை, எனக்கும் அதுவே வந்தது. என்னுடைய கடைசித் துணை லெசோத்தோவிலிருந்து வந்த பையன், வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கடைசித் துணையை 'இவன்தான் என்னைக் கொன்றவன்' என்று விளையாட்டாகச் சொல்கிற வழக்கம் உங்கள் காலத்திலும் இருக்கும். அந்தப் பையன் கற்றுக்கொள்ள வேண்டிய நேரத்தில் நான் அவனைக் கடை வாசலில் நிறுத்தி வைத்தேன். ஊழியம் என்றால் கடைசியில் இப்படித்தான் முடியும் போலிருக்கிறது என்று அவன் நினைத்திருப்பான். அதற்கு அவனிடம் பின்னாளில் மன்னிப்புக் கேட்டேன். உங்கள் துணை புதியவன் என்றால் இதைக் கவனியுங்கள். உங்களுக்கு வாராவாரம் வீட்டோடு பேச அனுமதி இருக்கிறது, 2019-லிருந்து. எங்களுக்குக் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும்தான் அம்மா குரல். ஆகவே ஏக்கத்தை வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ள உங்களுக்கு வழி இருக்கிறது.

சாட்ஸ்வொர்த் யூனிட் 3-ல் ஓர் ஆயா இருந்தார். வாசலில் கோவெண்டர் என்று பெயர்ப்பலகை. கவுண்டர் என்பதுதான் இங்கே கோவெண்டர் ஆயிற்று, முதலியார் மூட்லி ஆனது மாதிரி. முதல் நாள் என் பேட்ஜைப் பார்த்துவிட்டு, "நீ தமிழா, இந்துவா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இங்கே தமிழ் என்றால் நம் கோயில் முறை, இந்து என்றால் வடக்கிலிருந்து வந்தவர்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கிறிஸ்தவன், ஆனால் தமிழ் பேசுகிறவன் என்றதும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். எங்கள் மார்மன் புத்தகத்தை அவர் ஒரு நாளும் வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு நோட்டை எடுத்து வந்தார். அவருடைய அம்மா பாடிய மாரியம்மன் பாட்டுகள், 31 பாட்டு, ஆங்கில எழுத்தில். அவர் பேசிய தமிழ் வட ஆற்காட்டுப் பக்கத் தமிழ், எழுத மட்டும் தெரியாது. பேரப்பிள்ளைகள் தமிழ் எழுத்துப் படிக்கிறார்கள், இதைத் தமிழில் எழுதிக் கொடு என்றார்.

பேட்ஜைப் போட்டுக்கொண்டு மாரியம்மன் பாட்டு எழுதலாமா என்று எனக்குக் குழப்பம். இங்கே ஊழியத்துக்குப் பொறுப்பான தலைவரிடம் கேட்டேன். "எழுதிக் கொடு. அது அவருடைய மொழி, உன்னுடையதும்கூட" என்றார். வாரத்துக்கு ஒரு தடவை போய் உட்கார்ந்து, அவர் பாட, நான் எழுத, 12 பாட்டு முடிந்தது. ஆங்கில எழுத்தில் 'ள' எங்கே, 'ழ' எங்கே என்று தெரியாது, அவர் பாடினால்தான் பிடிபடும். துணை ஒரு ஓரத்தில் உட்கார்ந்து அவர் கொடுத்த பீன்ஸ் கறியும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். கடைசி ஐந்து வாரத்தில் நான் அந்த வீட்டுக்குப் போகவே இல்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று போயிற்று. விடை சொல்லவும் போகவில்லை. 2010-ல் போய்க் கதவைத் தட்டியபோது வேறு யாரோ திறந்தார்கள். ஆயா தவறிவிட்டார், வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள், எங்கே என்று தெரியவில்லை என்றார்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொள்ள முடியவில்லை. டர்பனுக்கு வடக்கே உம்ஷ்லாங்கா பக்கம் கம்பி வேலி போட்ட குடியிருப்புகளில் இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த நம்மவர்கள் நிறையப் பேர். "இங்கே இருக்கிற தமிழர்களுக்குத் தமிழே தெரியாது" என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். 1860 நவம்பர் 16-ல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்து சேர்ந்ததிலிருந்து, அப்படிக் கப்பலேறி வந்து இறங்கியவர்களின் வம்சம் இவர்கள். கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருட ஒப்பந்தம், அதற்கப்புறம் நகரத்தில் வாழ்ந்த இடத்திலிருந்து, இன வாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் பெயர்த்து சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போட்டார்கள். இத்தனைக்குப் பிறகும் காவடி எடுக்கிறார்கள், ஆடிக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். பத்து வருடம் இங்கே இருந்தும் பக்கத்து வீட்டுக்குச் சுலுவில் வணக்கம், "சனிபோனானி", சொல்லத் தெரியாதவர்கள் இவர்களைக் குறை சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. என் மனைவி டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் பிறந்தவள். நாற்பது வயதில் தமிழ் எழுத்துக் கற்றாள். நீங்கள் திரும்பி வந்து குடியேறினால் தயவுசெய்து அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள்.

ஆக, கடைக்காரரிடம் நன்றி சொல்லிவிட்டு, அந்தத் திங்கட்கிழமைகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்தில் யார் யாருக்கு வருகிறேன் என்று சொன்னீர்களோ, டைரியைப் பார்த்து ஒவ்வொருவராகப் போய்விட்டு வாருங்கள். பழைய ஏரியாக்களில் இருப்பவர்களுக்குத் தலைவர் அனுமதியோடு போன் பண்ணுங்கள். போகும் முன்னால் நம் சபையின் உம்ஷ்லாங்கா ஆலயத்துக்கும் ஒரு தடவை போய்விடுங்கள். அது திறந்ததே 2020 பிப்ரவரியில்தான், என் காலத்தில் ஜோஹன்னஸ்பர்க் வரை போக வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட வாருங்கள். துணைக்குக் காரம் ஆகுமா என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். எனக்கும் ஓர் உதவி வேண்டும். யூனிட் 3 பக்கம் பழைய ஆட்கள் யாரையாவது பார்த்தால், 2010-க்கு முன்னால் வீட்டை விற்றுவிட்டுப் போன அந்தக் குடும்பத்தைப் பற்றிக் கேளுங்கள். நோட்டு பச்சை அட்டை போட்டது. முன்பக்கங்களில் ஆங்கில எழுத்து, பின்னாலிருந்து நீல மையில் என் தமிழ். கிடைத்தால், ஆயா பாட்டைத் தெரிந்தவர் அந்த வீட்டில் யாராவது இருந்தால், மீதி 19-ஐயும் எழுதிக் கொடுக்க வருகிறேன் என்று சொல்லுங்கள்.