ஓபராவில் 'ரிவைவல்' என்றால் என்ன?

ஓபரா என்பது கதையைப் பாட்டாகவே நடத்தும் இசை நாடகம். அதற்கு முன்பே உருவாக்கிய மேடையாக்கத்தை, அதே அரங்க அமைப்பு, உடைகளோடு, சில காலம் கழித்துப் பெரும்பாலும் வேறு பாடகர்களை வைத்து மீண்டும் நடத்துவதுதான் ரிவைவல்.

இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் 'லா போஹேம்' என்ற ஓபரா 1896-ல் இத்தாலியின் துரின் நகரில் அரங்கேறியது. ஏழைக் கவிஞன் ரொடோல்ஃபோவுக்கும் காசநோயால் சாகும் மிமிக்கும் இடையிலான காதல். இயக்குநர் ஃபிராங்கோ செஃபிரெல்லி அமைத்த மேடையாக்கத்தை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா 1981 முதல் திரும்பத் திரும்பப் போடுகிறது. இரண்டாம் அங்கத்தில் ஒரு பாரிஸ் தெருவே ஜனக்கூட்டத்தோடு மேடையில் நிற்கும், அவ்வளவு பிரமாண்டம்! ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டினால் செலவு தாங்காது. அதனால் செட்டைப் பத்திரப்படுத்தி, மூல இயக்குநரின் குறிப்புகளை வைத்து வேறொருவர் ஒத்திகை நடத்துவார். அம்மாவின் கல்யாணப் பட்டுப் புடவையை மகள் உடுத்துவது போலத்தான். புடவை அதே, ரவிக்கை மட்டும் புது அளவு. ஆனாலும் மிமியாகப் பாடுபவர் மாறினால் கடைசிக் காட்சியின் வலியே வேறு.

ரிவைவல் என்றால் மறந்துபோன ஓபராவைத் தோண்டியெடுப்பது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, அடிக்கடி ரிவைவல் காண்பவை ரசிகர்கள் விடாமல் கேட்கும் ஓபராக்களே.