பழைய டிராக் சேஸிஸ்: டெல்டா வாசகர்களின் கேள்விகள்

பழைய டிராக் ரேஸ் (நேர்கோட்டில் ஓடும் வேகப் பந்தயம்) வண்டியின் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. புதுப் பெயின்ட், பார்க்க நன்றாக இருக்கிறது. வாங்கலாமா? (கும்பகோணம்)

புதுப் பெயின்ட் என்றாலே எனக்குச் சந்தேகம்தான். ஒருமுறை பளபளப்பில் மயங்கி ஒன்றை வாங்கி வந்தேன். அடிப் பைப்பில் துளை போட்டதும் டிகாஷன் நிறத்தில் துருத் தண்ணீர் சொட்டியது. எந்த ஐப்பசி மழையில் எத்தனை நாள் தண்ணீரில் கிடந்ததோ! வெளியே ஒரு புள்ளி துரு கிடையாது.

அதனால் பைப்பின் தடிமனை அல்ட்ராசானிக் கேஜ் (ஒலி அலையால் தடிமன் அளக்கும் கருவி) வைத்து அளக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவின் டிராக் ரேஸ் அமைப்பான என்எச்ஆர்ஏ விதிப்படி ரோல் கேஜின் (வண்டி உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் பைப் கூண்டு) முக்கிய வளைவு மைல்ட் ஸ்டீல் என்றால் 0.118 அங்குலம், அதாவது சுமார் 3 மி.மீ. இருக்க வேண்டும். குரோமோலிக்கு (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு) 0.083 அங்குலம் போதும். ஆனால் அதற்கு டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையால் செய்வது) கட்டாயம். வெல்டிங்கை கிரைண்டரால் வழித்திருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கோணலை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா? (மன்னார்குடி)

தாராளமாக. கொத்தனாரிடம் தூக்குக்குண்டும் டியூப் மட்டமும் இரவல் வாங்குங்கள். சேஸிஸை நான்கு ஸ்டாண்டில் மட்டமாக நிறுத்தி, இரண்டு பக்கமும் ஒரே இடங்களிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு, தரையில் சாக்பீஸால் குறியுங்கள். பிறகு மூலைக்கு மூலை டேப் பிடியுங்கள். இரண்டு அளவுக்கும் 3 மி.மீ. வரை வித்தியாசம் என்றால் நான் பொறுத்துக்கொள்வேன். சிமென்ட் தரை அவசியம். நம் களிமண்ணில் ஸ்டாண்ட் அமுங்கி, நேரான சேஸிஸும் கோணலாகத் தெரியும்.

பைபாஸில் ஓட்டிப் பார்க்கலாமா? (நாகப்பட்டினம்)

கூடாது. லாரியில் ஏற்றி, சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை மாதிரி பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோங்கள்.

ஃபோர் லிங்க் வண்டி (பின் அச்சை நான்கு ராடுகள் பிடித்திருக்கும்). கிளம்பியதும் வலது பக்கம் இழுக்கிறது. (திருவாரூர்)

முதலில் பின் டயர் இரண்டிலும் காற்று சமமா என்று பாருங்கள். பாதித் தகராறு அங்கேயே தீரும். அப்புறம் நான்கு சக்கரத்திலும் விழும் எடையைத் தனித்தனியாக அளந்து பாருங்கள். அப்போது ஓட்டுநர் சீட்டில் ஆள் எடை இருக்க வேண்டும். எங்கள் கொட்டகையில் 40 கிலோ நெல் சிப்பம் இரண்டைத் தூக்கி வைத்துவிடுவோம், ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

இதெல்லாம் சரி, இன்னும் இழுக்கிறது என்றால், கிளம்பும் நொடியில் வலது பின் டயர் தரையை அழுத்தவில்லை என்று அர்த்தம். ஆன்டிரோல் பாரின் (வண்டி பக்கவாட்டில் சாயாமல் தடுக்கும் கம்பி) ஒரு முனையைக் கழற்றிவிட்டு, வலது மேல் ராடைக் கொஞ்சம் குட்டையாக்குங்கள். அட்ஜஸ்டரின் ஆறு பட்டையில் ஒரு பட்டை திருப்பினால் போதும். பாரைத் திரும்ப மாட்டி ஒரு ஓட்டம் ஓடிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பட்டை.