கோர்பச்சேவ் சீர்திருத்தத்தைத் தொடங்காமலே இருந்திருந்தால் சோவியத் ஒன்றியம் நிலைத்திருக்குமா?

நிலைத்திருக்காது என்பதே என் கருத்து. 1986ல் எண்ணெய் விலை சரிந்தபோதே, எண்ணெய் ஏற்றுமதி வருவாயை நம்பிப் பழைய முறையில் காலந்தள்ளும் வசதி போய்விட்டது. நான் அந்த ஆண்டு மாஸ்கோவுக்கு மருத்துவம் படிக்கச் சென்றவன். பொருளியல் படித்தவன் அல்லன். ஆகவே, புள்ளிவிவரங்களோடு சண்டைக்கு வரவிருக்கும் அன்பர்கள் இதைக் கண்ணால் கண்டவனின் சாட்சியமாக மட்டும் கொள்ள வேண்டுகிறேன். கோர்பச்சேவை ஏகாதிபத்தியத்தின் கையாள் என்று ஏசுவோர் கூட்டத்திலும் நான் இல்லை.

பேச்சுக்கு விடுதலை அளித்தவர், அரசே நிர்ணயித்து வைத்திருந்த விலையைத் தொட மட்டும் அஞ்சினார். மதுவிலக்கு முயற்சியால் அரசின் வோட்கா வருவாய் குறைந்தது; வீட்டில் சாராயம் காய்ச்சியவர்கள் வாங்கிக் குவித்ததால் சர்க்கரையும் கூப்பனுக்கு அளந்து தரும் பங்கீட்டுப் பொருளானது. ஆலைகளுக்குத் தன்னாட்சி தந்து 1988 முதல் நடப்புக்கு வந்த தொழில் நிறுவனச் சட்டத்தால் ஆலைகள் ஊதியத்தை உயர்த்திக்கொண்டே போக, கடையில் விலை அப்படியே நின்றது, பொருள்தான் இல்லை. மக்கள் கையில் இப்படித் தேங்கிய பணத்தை ஒரே இரவில் செல்லாததாக்கியதுதான் என்னால் இன்றும் மன்னிக்க முடியாத செயல்.

1991 ஜனவரி 22 இரவு ஒன்பது மணிச் செய்தியில், 50, 100 ரூபிள் தாள்கள் நள்ளிரவோடு செல்லாது என்றார்கள். மாற்றிக்கொள்ள மூன்று நாள் அவகாசம். வேலையில் இருப்பவருக்கு 1,000 ரூபிள் வரை, ஓய்வூதியருக்கு 200 வரை. பணச் சீர்திருத்தம் எதுவும் வராது என்று அதற்குச் சற்று முன்புதான் பிரதமர் பாவ்லோவ் உறுதி கூறியிருந்தார்.

எங்கள் விடுதிக்குப் பக்கத்துக் குடியிருப்பில் ஒரு பாட்டி இருந்தார். என் ரஷ்ய உச்சரிப்பைத் திருத்தியவர் அவர்தான். மறுநாள் காலை, கம்பளிக் காலணி ஒன்றைக் கவிழ்த்து, செய்தித்தாளில் சுற்றியிருந்த ஒன்பது நூறு ரூபிள் தாள்களை மேசைமேல் வைத்தார். தம் ஈமச்சடங்குக்கென்று சேர்த்த பணம் என்றார். இரண்டை அவர் மாற்றினார். மூன்றை என் பெயரில் மாற்றிக் கொடுத்தேன். மீதி நான்குக்கும் பணம் வந்த வழியைக் கணக்குச் சொல்லி விண்ணப்பிக்கலாம் என்றேன். "என் சாவுக்கு நான் யாரிடம் கணக்குச் சொல்வது?" என்று கேட்டுவிட்டு, அவற்றை மடித்துக் காலணிக்குள்ளேயே திணித்தார்.

எழுதிய தாளைப் பார்க்காமல் பேசும் தலைவர் கிடைத்துவிட்டார் என்று கோர்பச்சேவைக் கொண்டாடியவர் அந்தப் பாட்டி. அந்த ஜனவரிக்குப் பின், தொலைக்காட்சித் திரையில் கோர்பச்சேவ் தோன்றினால் ஒலியைக் குறைத்துவிட்டுப் பின்னல் வேலையைத் தொடர்வார்.