நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்பி வரும் ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர்கள் வெல்வது, எதிராளி விட்டுக்கொடுப்பதால்தானா?

மைக் டைசன் தமது 58-ஆம் வயதில், யூடியூப்பில் பெயர் வாங்கிக் குத்துச்சண்டைக்கு வந்த ஜேக் பாலுடன் மோதியதைப் பார்த்த பிறகு உங்களுக்கு இந்தச் சந்தேகம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். 2024 நவம்பரில் நடந்த அந்த ஆட்டத்தில் சுற்றுக்கு இரண்டே நிமிடம் என்று வைத்திருந்தும் டைசனின் கால்கள் நகரவில்லை. எதிரே நின்ற இளைஞரோ கடைசி மணி அடிப்பதற்கு முன்பே குனிந்து அவரை வணங்கினார். டைசன் அதில் தோற்றார் என்றாலும், எதிராளி அடக்கி வாசித்தாரா என்ற கேள்வி பார்த்தவர்கள் மனத்தில் எழத்தான் செய்யும். ஆனால் அந்த ஓர் ஆட்டத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு, திரும்பி வந்து வென்ற அத்தனை பேருக்கும் எதிராளிகள் விட்டுக்கொடுத்தார்கள் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. அப்படித் திரும்பி வந்த ஒருவரிடம் தோற்ற எதிராளி நான்.

மாவட்ட அளவிலான தேர்வு ஆட்டம் ஒன்றை உலகப் பட்ட ஆட்டங்களுக்குப் பக்கத்தில் வைக்கிறாயா என்று கேட்க இங்கே சிலர் காத்திருப்பார்கள் என்று தெரியும். தரத்தை நான் ஒப்பிடவில்லை. கயிற்றுக்குள் எதிரே நிற்பவனுக்கு என்ன நடக்கிறது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். அது மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்திலும் லாஸ் வேகாஸிலும் பெரிதாக மாறுவதில்லை.

அப்போது எங்கள் எடைப் பிரிவாக இருந்த 91 கிலோவுக்கு மேல் எப்போதுமே ஆள் குறைவு. 60 கிலோவுக்கு வரிசை கட்டி நிற்பார்கள். எங்கள் பிரிவில் மூன்று நான்கு பேர் பெயர் கொடுத்தாலே பெரிது. அதனால் முதல் ஆட்டமே பலருக்கு அரையிறுதியாக அமைந்துவிடும். அந்த ஆண்டு சீட்டுக் குலுக்கலில் எனக்கு எதிராளியாக வந்தவர், நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் செல்லூர்ப் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த குத்துச்சண்டைக்காரராக இருந்த ஓர் அண்ணன். கல்யாணம் முடிந்த கையோடு வளைகுடாவுக்கு டிரைவர் வேலைக்குப் போனவர், நாற்பதை நெருங்கும் வயதில், தொப்பையோடு திரும்பி வந்திருந்தார். நாற்பது தாண்டினால் விதிப்படி களத்தில் இறங்க முடியாது என்பதால், அதற்குள் ஒரு முறை ஆடிப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

காலையில் நாங்கள் பயிற்சி செய்யும் இடத்துக்கே அவரும் வருவார். ஸ்கிப்பிங் கயிற்றைத் தொடமாட்டார். மைதானத்தைச் சுற்றி வேகமாக நடப்பார், பிறகு மணல் மூட்டைக்கு முன்னால் நின்று ஒரு குத்து விட்டுவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். கையில் சுற்றும் பேண்டேஜ் துணி அவருடைய பழைய நாளையது; துவைத்துத் துவைத்துப் பழுப்பேறிப்போன அதை ஒவ்வொரு விரலிடுக்கிலும் நுழைத்து, முட்டிமேல் மடித்து, மணிக்கட்டில் கொண்டுவந்து முடிக்க, நாங்கள் இரண்டு கையும் சுற்றி முடிக்கிற நேரம் அவருக்கு ஒரு கைக்கே ஆகும். பையன்கள் அதைப் பார்த்து மறைவாகச் சிரிப்பார்கள்.

முதல் இரண்டு சுற்றுகளும் என்னுடையவை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. அன்று நடுவர்களின் தாளைப் பார்த்தவர்கள் இன்றும் மதுரையில் இருக்கிறார்கள். ஜாப் (முன்னால் இருக்கும் கையால் நேராக விடும் குத்து) போட்டுவிட்டு விலகுவது, மறுபடி ஜாப், மறுபடி விலகல் என்று நான் சுற்றிச் சுற்றி வந்தேன். அவரோ ரிங்கின் நடுவில் குதிகாலை ஊன்றித் திரும்பிக்கொண்டே இருந்தார். வாயால் மூச்சு விட்டார். என் ஜாப்களை நெற்றியில் வாங்கினார். ஆடவர் ஆட்டத்தில் தலைக்கவசத்தை நீக்கிய பிற்பாடு நடந்தது இது. அடி வாங்கும்போதெல்லாம் அவர் கண் இமைக்காமல் என் இடது தோளையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதே உறுத்தியது. அந்த ஆறு நிமிடமும் அவர் என் ஜாப் எவ்வளவு தூரம் வருகிறது, எப்போது திரும்புகிறது என்று கணக்குப் பார்த்திருக்கிறார்.

மூன்றாவது சுற்றில் “கயித்துப் பக்கம் போகாதடா” என்று என் பயிற்சியாளர் கத்தியது காதில் விழுந்தது. நான் கயிற்றுப் பக்கம் போகவும் இல்லை. ஜாப் போய்த் திரும்பும் அந்த இடைவெளியில், ஒரு முழம்கூட நகராத வலக்கை ஒன்று தாடையில் வந்து இறங்கியது. அது வேகமான குத்து அல்ல. வருவது எனக்குத் தெரிந்தது, உடம்புதான் அதற்குள் எதையும் செய்ய மறுத்துவிட்டது. விழுந்த நினைவு இல்லை. எழுந்து நின்றதும், நடுவர் எட்டு வரை எண்ணியதும், கையை உயர்த்திக் காட்டியதும் நினைவில் இருக்கின்றன. அவர் என் கண்ணைப் பார்த்தார், ஆட்டத்தை நிறுத்திவிட்டார்.

அன்று சாயங்காலமே டீக்கடையில் ஆரம்பித்துவிட்டது. “என்ன மாப்ள, அண்ணனுக்கு விட்டுக் குடுத்துட்ட போல” என்று கேட்காத ஆள் இல்லை. தாடை வீங்கி, ஒரு வாரம் இட்லியைக்கூடப் பாலில் கரைத்துச் சாப்பிட்டவனிடம் இந்தக் கேள்வி! பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்கு நேர்காணலுக்குப் போனபோது, அங்கே உட்கார்ந்திருந்த ஒருவரும் சிரித்துக்கொண்டே அதையே கேட்டார். அந்த அண்ணன் மாநிலப் போட்டிக்குப் போய், முதல் ஆட்டத்தின் முதல் சுற்றிலேயே சென்னைப் பையன் ஒருவனிடம் தோற்றார். அவனுக்கு அண்ணன் விட்டுக்கொடுத்தாரா என்று எவரும் கேட்கவில்லை. குத்துச்சண்டை என்றாலே வட சென்னைதான் என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு மதுரைக்காரன் அடித்தாலும் சந்தேகம், அடி வாங்கினாலும் சந்தேகம். அது வேறு ஆத்திரம், இங்கே வேண்டாம்.

முன்னாள் உலகச் சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மேனின் கதையை நான் அணு அணுவாகப் படித்தது இதற்குப் பிறகுதான். 1977-இல் ஜிம்மி யங்கிடம் தோற்று, ஆட்டத்தை விட்டுவிட்டுப் போதகராகப் போனவர், பத்தாண்டு கழித்து 1987 மார்ச்சில் ஏறத்தாழ 120 கிலோ எடையோடு திரும்பினார். எல்லாரும் சிரித்தார்கள். பெரும்பாலும் பெயர் தெரியாதவர்களோடு மோதி, தொடர்ந்து 24 ஆட்டங்களை வென்ற பிறகுதான் 1991-இல் அப்போதைய உலகச் சாம்பியன் ஹோலிஃபீல்டை எதிர்கொண்டார். அதில் தோற்றாலும் பன்னிரண்டு சுற்றும் நின்றார். 1994 நவம்பர் 5-ஆம் தேதி, தம்மைவிட ஏறத்தாழ 19 வயது இளையவரான மைக்கேல் மூரரை லாஸ் வேகாஸில் பத்தாவது சுற்றில் வீழ்த்தியபோது அவருக்கு வயது 45. அதுவரை மூன்று நடுவர்களின் கணக்கிலும் மூரர்தான் முன்னணியில் இருந்தார். ஒன்பது சுற்று வென்றுகொண்டிருந்த ஓர் உலகச் சாம்பியன், பத்தாவது சுற்றில் எதற்காக விட்டுக்கொடுக்க வேண்டும்? இன்றும் சிலர் அப்படி எழுதுகிறார்கள். அந்த வலக்கையை நிறுத்தி நிதானமாகப் பாருங்கள்: அதிலும் வேகம் இல்லை, தூரமும் இல்லை.

வயதானால் முதலில் போவது கால், அடுத்தது கண்ணுக்கும் கைக்கும் நடுவே உள்ள நொடி. குத்தின் கனம் கடைசியில்தான் போகும். எடை குறைந்த பிரிவுகளில் வேகம் போனால் எல்லாமே போயிற்று. அதோடு, திரும்பி வருபவர் முதலில் பட்டினி கிடந்து எடையைக் குறைக்க வேண்டும். ஹெவிவெயிட்டுக்கு மேல் வரம்பு இல்லை, ஒரே குத்தில் கணக்கு மாறிவிடும். ஆகவே திரும்பி வருபவர் தமது பழைய ஆட்டத்தை ஆடக் கூடாது. மிச்சம் இருப்பதை வைத்துப் புதிதாக ஒன்றை அமைத்துக்கொள்ள வேண்டும். ஃபோர்மேன் அதைச் செய்தார். முகமது அலியின் ஆட்டம் முழுவதும் காலில் இருந்தது. மூன்றரை ஆண்டு தடைக்குப் பின் 1970-இல் ஜெர்ரி குவாரியை வென்று திரும்பியவருக்கு வயது 28, கால் பாதியாவது மிச்சம் இருந்தது. 1980-இல் இரண்டாண்டு ஓய்வுக்குப் பின் லாரி ஹோம்ஸ் முன்னால் நின்றபோது ஒன்றும் இல்லை. பத்துச் சுற்றுக்குப் பின் அவருடைய மூலையிலிருந்தவர்களே ஆட்டத்தை நிறுத்தினார்கள்.

அந்த ஹோம்ஸ், ஒரு காலத்தில் அலிக்குப் பயிற்சி ஆட்டங்களில் எதிரே நின்றவர், அவர்மேல் உயிரையே வைத்திருந்தவர். வென்ற பிறகு அழுதார். 1951-இல் முன்னாள் உலகச் சாம்பியன் ஜோ லூயிஸை எட்டாவது சுற்றில் வீழ்த்திய ராக்கி மார்சியானோவும் அழுதார். வரிக்கடனை அடைக்கத் திரும்பி வந்த லூயிஸை அதற்கு முந்தைய ஆண்டு தோற்கடித்த எஸ்ஸார்ட் சார்ல்ஸுக்கோ, வென்றும் பாராட்டு கிடைக்கவில்லை. மனத்தில் மரியாதை இருப்பதால் கை தாழ்ந்துவிடும் என்பது ரிங்குக்கு வெளியே இருப்பவர்களின் கற்பனை.

எல்லா ஆட்டமும் சுத்தம் என்று நான் சாதிக்கவில்லை. சிறையிலிருந்து வந்த டைசனுக்கு 1995-இல் முதல் எதிராளியாகப் பீட்டர் மெக்நீலியை நிறுத்தியதும், 89 வினாடியில் மெக்நீலியின் மேலாளர் ரிங்குக்குள் ஏறி ஆட்டத்தை முடித்ததும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அங்கேயும் தந்திரம் ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் இருந்தது. தேர்ந்தெடுத்துக் கொண்டுவரப்பட்டவர் மணி அடித்ததும் முழுமூச்சாகப் பாய்ந்து வந்தார். எளிய எதிராளிகளோடு மோதிப் பார்க்காமல் நேராகப் பட்டத்துக்கே வந்தவர்களும் உண்டு: விட்டாலி கிளிச்கோ ஏறத்தாழ நான்காண்டு இடைவெளிக்குப் பின் 2008-இல் சாமுவேல் பீட்டரை எட்டுச் சுற்றில் உட்காரவைத்தார். அது விதிவிலக்கு; நீளமான கையும் அசையாத ஜாப்பும் உள்ளவருக்குக் கால் அவ்வளவு தேவைப்படவில்லை.

ஒன்று விட்டுவிட்டேன். மூரர் 1996-இல் ஜெர்மனிக்குப் போய், ஆக்செல் ஷுல்ஸை அவருடைய நாட்டிலேயே வென்று பட்டத்தைத் திரும்பப் பெற்றார். ஃபோர்மேன் அதற்கு முந்தைய ஆண்டு இதே ஷுல்ஸை மயிரிழையில் வென்று, மறு ஆட்டத்துக்கு மறுத்ததால் இழந்த பட்டம் அது. மூரர் விட்டுக்கொடுத்தார் என்று எழுதுகிறவர்கள் எவரும் அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை.