தடை நீங்கிய நாட்டோடு வியாபாரம்: நெல்லைச் சீமையிலிருந்து சில கேள்விகள்

தூத்துக்குடி வாசகர்: ஒரு நாட்டின் மீதான தடை நீங்கியதாகச் செய்தி வந்தது. அங்கிருந்து வரும் பணத்தை வாங்க எங்கள் வங்கி தயங்குகிறதே?

தடையை எடுப்பது அரசு, பணத்தை அனுப்பி வாங்குவது வங்கி. இரண்டும் ஒரே நாளில் நடக்காது. ஈரான் மீதான தடைகள் 2016 ஜனவரியில் தளர்ந்தன. அடுத்த மாதமே அதன் வங்கிகள் ஸ்விஃப்ட் என்ற, வங்கிகள் பணத் தகவல் பரிமாறும் சர்வதேச இணைப்புக்குத் திரும்பின. அப்படியும் ஐரோப்பாவின் பெரிய வங்கிகள் ஒதுங்கியே நின்றன. டாலர் அமெரிக்க வங்கி வழியாகத்தான் கைமாறும், அந்தக் கதவை அமெரிக்கா திறக்கவில்லை. 2018 மே மாதம், தடையைத் தளர்த்திய அணு ஒப்பந்தத்தை விட்டே அமெரிக்கா விலகியது.

ஆகவே சரக்கு ஏற்றுமுன் வங்கியிடம் எழுத்திலேயே கேளுங்கள்: எந்த நாணயம், இடையில் எந்த வங்கி? எல்.சி.க்கு, அதாவது வாங்குபவரின் வங்கி பணம் தருவதாகக் கொடுக்கும் உறுதிக் கடிதத்துக்கு, மூன்றாம் நாட்டு வங்கி ஒன்றின் உறுதியும் வேண்டும். வாங்குபவர் பெயரையும் கப்பலின் ஐ.எம்.ஓ. எண்ணையும் தடைப்பட்டியலில் பாருங்கள். கப்பலின் பெயரை மாற்றுவார்கள், அந்த 7 இலக்க எண் மாறாது. இ.சி.ஜி.சி. என்ற மத்திய அரசு நிறுவனத்தின் ஏற்றுமதிக் கடன் காப்பீடு கிடைத்தால் ஒரே ஒரு கண்டெய்னர் அனுப்புங்கள். அந்தப் பணம் கணக்கில் ஏறும்வரை அடுத்ததை ஏற்றவே வேண்டாம்.

கோவில்பட்டி: மியான்மர் உலகத்தோடு சேர்ந்தால் எங்கள் உளுந்து என்னாகும்?

இந்தியா இறக்குமதி செய்யும் உளுந்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான். சரக்கு சீராக வந்தால் பருப்பு மில்லுக்கும் உளுந்தஞ்சோறு ஆக்கும் வீட்டுக்கும் நல்லது. புரட்டாசியில் மானாவாரியாக விதைத்த கரிசல் சம்சாரிக்கு விலை இறங்கும். இதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை. அறுவடைக்கு முன்பே இறக்குமதி வரி அறிவிப்பைக் கவனியுங்கள். களத்திலேயே மொத்தமும் விற்காமல், ஈரப்பதம் 10 சதவீதத்துக்கு மேல் போகாதபடி காயவைத்துப் பாதியை இருப்பு வையுங்கள். ஈரம் மிஞ்சினால் வண்டு விழும்.

பாளையங்கோட்டை மாணவி: சாதாரண மக்களுக்கு என்ன கிடைக்கும்?

அதே மியான்மரில் ஒரு சிம் கார்டைப் பாருங்கள். நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்றது, 2014இல் இரண்டு வெளிநாட்டு நிறுவனங்கள் நுழைந்ததும் 1,500 கியாட்டுக்கு வந்தது, சுமார் ஒன்றரை டாலர். 2021 ராணுவக் கவிழ்ப்புக்குப் பின் இரண்டுமே விற்றுவிட்டு வெளியேறின.

சங்கரன்கோவில்: பலன் தெரிய எத்தனை வருடம்?

வியட்நாம் மீதான அமெரிக்கத் தடை 1994இல் நீங்கியது. உலக வணிக அமைப்பில் அது சேர 2007 ஆகிவிட்டது. பத்து வருடத்துக்குக் குறையாமல் கணக்கு வையுங்கள்.

உவரி: ஐரோப்பா நிறுத்திய இலங்கை மீன் எப்படி மறுபடி போனது?

சட்டவிரோத ஆழ்கடல் மீன்பிடியைத் தடுக்கவில்லை என்று 2015 ஜனவரியில் நிறுத்தினார்கள். படகுகளில் செயற்கைக்கோள் கண்காணிப்புக் கருவி வைத்து, சட்டத்தையும் திருத்தியபின் 2016 ஜூனில் வழி திறந்தது. உங்கள் மீன் ஐரோப்பாவுக்குப் போனாலும் பிடிப்புச் சான்றிதழ் கேட்பார்கள். எந்தப் படகு, எந்தக் கடல், எத்தனை கிலோ என்பதைக் கரையில் எடை போடும்போதே நோட்டில் எழுதிவிடுங்கள்.